ஒரு ஹலோகூட இல்லை

ஆபீசில் அவருக்கு டெய்லர் என்று பெயர். ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாத மனிதர். சட்டைப் பொத்தான் அறுந்தால் மாமியாரிடம் கொண்டுபோய் நீட்டுவார். ஆனாலும் அந்தப் பெயர் அவருக்குப் பொருந்தத்தான் செய்தது. கிழிந்து வரும் படத்துக்கு ஒட்டுப் போடுவதுதான் அவர் சம்பளம் வாங்கும் வேலை.

போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அந்த முகம் முழு முகமாக நம்மிடம் வருவதில்லை. பொடிப்பொடியாக நறுக்கி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் காற்றில் வீசுகிறார்கள். கம்பி வழியே போனால் ஓரளவு பத்திரமாகப் போய்ச் சேரும். காற்றில் போவதற்கு ஆயிரம் இடைஞ்சல். மழை பெய்யும், நடுவில் ஒரு லாரி வந்து நிற்கும், மலை மறைக்கும், தெருவில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏதாவது பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். வழியில் நாலு பொட்டலம் தொலைந்துபோகும். தொலைந்த பொட்டலத்தில் மூக்கு இருந்தால் மூக்கு போச்சு.

போன மூக்குக்கு என்ன செய்வது என்பதில் ஆபீசே இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. ஒரு கட்சிக்குத் தலைவி, எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாள். தொலைந்ததை அனுப்பினவனிடமே திரும்பக் கேட்டு வாங்கு என்பது அவர் கொள்கை. அதனால் அவருக்கு ‘மறுபடி மேடம்’ என்று பெயர் விழுந்தது. கேட்டு வாங்கும்வரை படம் நிற்குமே என்றால், நிற்கட்டும், கேட்பதில் என்ன கௌரவக் குறைச்சல் என்பார்.

டெய்லர் அடுத்த கட்சி. கேட்காதே, பூசி மெழுகு. முந்தின நொடியில் மூக்கு இருந்த இடத்தில் இந்த நொடியிலும் அதே மூக்கை ஒட்டிவிடு. பார்க்கிறவர் மூக்கையா எண்ணிக்கொண்டிருக்கப் போகிறார்? அவர் போட்ட ஒட்டை ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சம் என்பது அவர் சொன்ன அளவு.

ஒட்டு நன்றாக இருக்கிறதா என்று அளக்க அந்த ஆபீசில் ஒரு வழி வைத்திருந்தார்கள். கோடு, படம், சூத்திரம் எல்லாம் இருந்தாலும் மேனேஜர் நம்பியது ஒன்றைத்தான். பேசுகிறவர்கள் எத்தனை தடவை “ஹலோ, ஹலோ, கேக்குதா?” என்கிறார்கள் என்று கம்ப்யூட்டரே எண்ணிச் சொல்லும். அதற்கு ஹலோ கணக்கு என்று பெயர். ஹலோ குறையக் குறைய மேனேஜர் முகம் மலரும்.

ஹலோ எப்போது வருகிறது என்று டெய்லர் உட்கார்ந்து கவனித்தார். படம் உறையும்போதுதான். உறைந்த முகம் எந்த மனிதரையும் கேவலப்படுத்தும். ஒரு கண் மூடியிருக்கும், வாய் பாதி திறந்திருக்கும், மகாராணியே ஆனாலும் தும்மப் போகிற ஆடு மாதிரி இருப்பாள். பார்த்த மாத்திரத்தில் எதிராளி ஹலோ என்று அலறுவார். அந்த முகத்தை உறையவிடாமல் லேசாக அசையவிட்டால்? கடைசியாக எப்படி அசைந்ததோ அதையே மெல்ல முன்னும் பின்னும் ஓட்டினார். முகம் மெதுவாகத் தலையாட்டியது. சத்தம் அறுந்த இடத்தில் கடைசியாகக் கேட்ட ஒலியை நீட்டிவிட்டார். கேட்டுக்கொண்டிருக்கிறவர் கடைசியாக என்ன ஒலி எழுப்புவார்? “ம்” என்பார். அதுதான் நீண்டது. லைன் அறுந்து கிடக்கும்போது, எதிரே இருப்பவர் தலையை ஆட்டி ஆட்டி ம், ம் என்று கேட்டுக்கொண்டிருப்பார். இவ்வளவு பொறுமையாகக் கேட்கிற மனிதரிடம் யாருக்காவது ஹலோ சொல்லத் தோன்றுமா?

மறுபடி மேடம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. படம் பொய்யாக ஓடும்போது ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளியாவது வைக்கலாமே என்று கேட்டார்.

“துணிக்கு ஒட்டுப் போட்டுட்டு, இங்க ஒட்டு இருக்குன்னு சீட்டு எழுதித் தொங்க விடுவாங்களா மேடம்?” என்றார் டெய்லர். மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள். புள்ளி போச்சு.

டெய்லருக்கு ஆபீசில் மட்டும்தான் ஒட்டுப் போடத் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது.

அவர் மனைவி மண் பரிசோதிப்பவள். மலைக்கு அந்தப்பக்கம், ஆற்றின் குறுக்கே ஒரு பெரிய பாலம் கட்டுகிறார்கள். தூண் இறங்கும் இடத்தில் குழாய் விட்டு மண்ணை எடுத்து, இது தாங்கும், இது தாங்காது என்று சொல்வது அவள் வேலை. போகும்போது ஒரு வருஷம் என்றுதான் பேச்சு. போகட்டுமா என்று கேட்டாள். “உன் இஷ்டம்” என்றார். அங்கே தகரக் கொட்டகையில்தான் தங்க வேண்டுமாம் என்றாள். “உன் இஷ்டம்” என்றார். எங்கம்மாவை இங்கே உங்களோடு விட்டுப் போகட்டுமா என்றாள். அதற்கும் அதேதான். அந்த இரண்டு வார்த்தையைப் போல உலகத்தில் எதையும் பூசி மெழுகிவிட முடியாது. கேட்பவருக்குப் பெரிய மனசு மாதிரித் தெரியும். சொல்பவருக்கோ வாயைத் திறந்த சிரமமே இருக்காது.

அவள் போன பிறகு கட்டிலில் அவள் பக்கத்தை முதலில் ஒரு லேப்டாப் பிடித்தது. அப்புறம் மடிக்காத துணி வந்தது. அப்புறம் மடித்த துணியும், எதற்கென்று தெரியாத வயர்களும் வந்தன. துவைக்கிற மெஷின் முடிந்ததும் கிணிகிணி என்று ஒரு பாட்டுப் பாடும். அதற்கு “இதோ வந்துட்டேன்” என்று இவர் பதில் சொல்லத் தொடங்கியிருந்தார். ஒரு நாள் மாமியார் அதைக் கேட்டுவிட்டார். ஒன்றும் சொல்லாமல் டம்ளரில் காபியை வைத்துவிட்டுப் போனார். ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ஒரு வருஷம் முடிகிற சமயத்தில் கம்பெனி அவளைப் பிடித்துக்கொண்டது. கை பழகிய ஆளை யார் விடுவார்கள்? பாலம் முடியும்வரை, இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொன்னார்கள். அவர்கள் மேனேஜர் பேப்பரோடு மறுநாள் மத்தியானம் அங்கே வருவதாக இருந்தது.

இந்தத் தடவை உன் இஷ்டம் என்று சொல்வதில்லை என்று டெய்லர் முடிவு கட்டினார். குளியலறையில் ஒத்திகை பார்த்தார். முதலில் அவள் வேலையைப் பாராட்ட வேண்டும். பிறகு பாலங்களின் அவசியம் பற்றி இரண்டு வரி. அங்கிருந்து மெல்ல வளைத்து, பாலம் என்றால் இரண்டு கரையும் வேண்டுமல்லவா என்று கொண்டுவந்து, கட்டிலுக்கும் மெஷினுக்கும் போய், கடைசியில் திரும்பி வந்துவிடு என்று முடிக்க வேண்டும். சோப்பு கண்ணில் போனதால் நடுவில் ஒரு பத்தி மறந்து மறுபடி சேர்த்தார். கல்யாணத்துக்கு முன்னால்கூட அந்த மனிதர் இவ்வளவு பேசியதில்லை.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் ஆன்டெனா நட்டிருந்தார்கள். அங்கே சாதாரண போன் எடுக்காது. இருக்கிற ஒரே வழி அந்தக் காற்றுவழி இன்டர்நெட்தான். அதனாலேயே டெய்லர் தன்னுடைய புது ஒட்டை இரண்டு போனிலும் ஏற்றி வைத்திருந்தார். பெண்டாட்டி முகம் தும்மப் போகிற ஆடாகத் தெரியக் கூடாது பாருங்கள், அன்பு.

“நாளைக்கு வர்றார். கையெழுத்துப் போடவா, வேண்டாமா? உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றாள் அவள். தலையில் மஞ்சள் தொப்பி, கன்னத்தில் மண்.

டெய்லர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. ஒத்திகையில் இல்லாதது எல்லாம் வந்தது. மெஷினுக்குப் பதில் சொல்வதைச் சொன்னார், சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் சாப்பிடுவதைச் சொன்னார். இத்தனை நாள் உன் இஷ்டம் என்றது பெருந்தன்மை இல்லை, பயம் என்றார். நான் கேட்டு நீ மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம். குரல் ஓர் இடத்தில் உடைந்தது. அதையும் மறைக்காமல் மேலே பேசினார்.

அவளோ குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. மெல்லத் தலையாட்டினாள். “ம்” என்றாள். இதமாக, சீராக, ஆட்டிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு அமைதியாக அவள் தன்னைக் கேட்டதே இல்லை என்று டெய்லருக்கு நெஞ்சு நிறைந்தது. மனைவி இடைமறிக்காமல் அவ்வளவு நேரம் கேட்டால் மற்ற புருஷன்மார்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். நம் ஆளுக்குச் சந்தோஷம் வந்தது.

அவர் பேசி முடித்துக் கண்ணைத் துடைத்தபோது அவள் முகம் கொஞ்சம் வாடினாற்போல் இருந்தது. “சரி. ஜெனரேட்டர் நிக்கப் போவுது, வைக்கிறேன்” என்றாள். வைத்துவிட்டாள். பாவம், உருகிவிட்டாள் என்று டெய்லர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த அறையில் மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டின் சுவர் காகிதம் மாதிரி.

“எல்லாம் கேட்டுச்சு மாப்பிள்ளை” என்றார், தலையை நிமிர்த்தாமல்.

டெய்லருக்குக் காது சிவந்தது. சமாளித்துக்கொண்டு, “அவ ஒத்துக்கிட்டா அத்தை. பேசுறப்பவே தலையாட்டினா” என்றார்.

பட்டாணி உரித்த மாமியாரின் கை நின்றது. “தலையாட்டினாளா? எம்மகளா? எதுக்கும் நாலு கேள்வி கேக்காம அவ தலையாட்டி நான் பாத்ததில்லையே. எனக்குக் கேட்டுச்சு. அவளுக்குக் கேட்டுச்சான்னு பாருங்க.”

டெய்லர் சிரித்துக்கொண்டார். மனிதர்கள் மாறுவார்கள் அத்தை என்று உபதேசம் வேறு செய்தார். பிறகு அறைக்குப் போய்க் கட்டிலில் அவள் பக்கத்தில் கிடந்த துணியை எல்லாம் எடுத்து மடித்து அலமாரியில் வைத்தார். வயர்களையும் அப்புறப்படுத்தினார். எதற்கு என்று தெரியாதவற்றை எதற்கும் இருக்கட்டும் என்று தன் பக்கம் வைத்துக்கொண்டு தூங்கினார்.

மறுநாள் காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும் கைதட்டல். டெய்லருக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக் கதை அதற்குள் இங்கே வந்துவிட்டதா என்று ஒரு கணம் பதறிவிட்டார். மேனேஜர் எழுந்து வந்து தோளில் தட்டி, சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டினார். சோதனைக்காக ஒட்டு ஏற்றிய போன்கள் எல்லாம், லைன் எப்படி இருந்தது என்ற கணக்கைத் தாங்களாகவே ஆபீசுக்கு அனுப்பிவிடும். ஹலோ எத்தனை என்பதைத் தவிர, பேசியது என்னவென்று தெரியாது. லைன் இருந்த நேரம் பச்சை, இல்லாத நேரம் சிவப்பு, அவ்வளவுதான்.

“உங்க வீட்டு கால்தான் டெய்லர். பாதிக்கு மேல சிவப்பு. ரெண்டு பக்கமும் சுத்தமா லைன் இல்ல. ஆனா ஒரு ஹலோகூட இல்ல. ஒண்ணே ஒண்ணுகூட.” மேனேஜர் குரல் தழுதழுத்தது. கம்பெனி தொடங்கியதிலிருந்து இப்படி ஒரு கால் வந்ததில்லையாம். நாளைக்கு வரப்போகும் வாடிக்கையாளருக்கு இதைத்தான் காட்டப் போகிறாராம்.

டெய்லர் அந்தச் சிவப்பைப் பார்த்தார். ஆரம்பத்தில் ஒரு துண்டு பச்சை. கையெழுத்துப் போடவா வேண்டாமா என்று அவள் கேட்ட இடம். கடைசியில் ஒரு சின்னத் துண்டு பச்சை. ஜெனரேட்டர் நிற்கப் போகிறது என்று சொன்ன இடம். நடுவில் நீளமாக, ரத்தமாக, அவருடைய பேச்சு. பாராட்டு, பாலம், இரண்டு கரை, மெஷின், உப்பு, பயம், எல்லாம். ஒரு வார்த்தையும் மலையைத் தாண்டவில்லை. உருகி உருகி அவர் பேசியது, தான் செய்த பொம்மையிடம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, இவர் அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டு வைத்திருக்கிறார்.

அது போதாதென்று இன்னொன்று உறைத்தது. ஒட்டு இரண்டு போனிலும் இருக்கிறது. அப்படியானால் அந்தப் பக்கம் அவள் எதைப் பார்த்தாள்?

அதற்குப் பதில் அவர் பையிலேயே அதிர்ந்தது. எழுத்துச் செய்தி மட்டும் எப்படியோ ஊர்ந்து வந்து சேர்ந்துவிடும். “நேத்து கேட்டதுக்கெல்லாம் தலையாட்டினதுக்கு சந்தோஷம். மத்தியானம் கையெழுத்துப் போட்டுடறேன். அம்மாவ பாத்துக்கங்க.”

டெய்லர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைதட்டியவர்கள் ஆனந்தத்தில் உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். மறுபடி மேடம் மட்டும் தட்டாமல் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் வந்து, என்ன சார் என்று மெதுவாகக் கேட்டார். டெய்லர் போனை நீட்டினார். மேடம் செய்தியைப் படித்தார். திரையில் இருந்த சிவப்பைப் பார்த்தார். மறுபடி செய்தியைப் படித்தார்.

சிவப்புப் புள்ளி என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு எல்லா உரிமையும் உண்டு. “மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. என்ன செய்யணும் சொல்லுங்க” என்றார்.

ஒட்டை எடுக்க வேண்டும். அந்த இரண்டு போனுக்கும் மட்டும், உடனே. அதற்கு ஆபீசிலேயே ஒரு சுவிட்ச் இருந்தது. மேடம் தன் மேசையிலிருந்து அதை அணைத்தார். “எடுத்தா கந்தலாத்தான் சார் வரும்” என்று எச்சரித்தார். கந்தலாகவே வரட்டும் என்றார் டெய்லர். வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து வரும் என்று யாரும் எதிர்பார்க்காத வாக்கியம்.

ஆனால் அந்தப் பக்கம் அவள் போனில் முகம் பார்த்துப் பேசும் ஆப்பை மூடித் திறந்தால்தான் ஒட்டு விலகும். டெய்லர் அடித்து அனுப்பினார்: “உடனே ஆப்பை மூடித் திற. ரொம்ப முக்கியம்.” கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: “இன்னிக்குமா டெஸ்ட்?” அனுப்பியதைத் திரும்பப் படித்துப் பார்த்தபோது அவருக்கே தன்னை அறையத் தோன்றியது. பிரிந்து போகிற பெண்டாட்டிக்கு இப்படி ஒரு கடிதம் எழுதியவர் வேறு யாராவது இருப்பார்களா? “டெஸ்ட் இல்ல. தயவு செஞ்சு” என்று இன்னொன்று அனுப்பினார்.

கண்ணாடிச் சுவர் போட்ட மீட்டிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டார். மணி அடித்தது, நின்றது. இன்னொரு தரம் அடித்தது. எடுத்தாள்.

படம் வந்த லட்சணத்தைச் சொல்லி மாளாது. நெற்றி பச்சையாக ஒரு பக்கம், தாடை தனியாக ஒரு பக்கம், நடுவில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் கொட்டகையின் ஜன்னல். பிறகு எல்லாம் சேர்ந்து உறைந்தது. ஒரு கண் மூடி, வாய் பாதி திறந்து, சாட்சாத் அந்த ஆடு. டெய்லருக்கு அழுகை வந்துவிட்டது. இதுதான் அவள். இது யாரும் தைத்துக் கொடுத்தது இல்லை.

“நேத்து தலையாட்டினது நான் இல்ல” என்றார், எடுத்த எடுப்பில்.

“என்னது?”

“தலையாட்டினது நான் இல்ல. லைன் போயிடுச்சு. நான் போட்ட புரோகிராம்தான் ஆட்டிச்சு.”

கரகரவென்று சத்தம். பிறகு அவள் குரல் துண்டாக வந்தது. என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று கேட்டாள். குடித்துவிட்டு வந்த புருஷன், மறந்துபோன புருஷன், பொய் சொன்ன புருஷன் எல்லோரும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லியிருக்கிறார்கள், நான் இல்லை என் படம்தான் தலையாட்டியது என்று ஒருத்தன் சொல்லி நான் கேட்டதில்லை என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள் குரல் இறங்கியது.

“நான் இங்கயே இருந்துடட்டுமான்னு கேட்டேன். தலையாட்டினீங்க. உங்களுக்குக் கஷ்டமில்லையேன்னு கேட்டேன். ம்முன்னீங்க. நான் இல்லாம நல்லாத்தான் இருக்கீங்க போலன்னேன். அதுக்கும் பூம்பூம் மாடு மாதிரி…” அங்கே அறுந்தது.

அறுந்த இடத்தில் டெய்லர் நின்றுகொண்டிருந்தார். அவர் செய்த முகம் அவளிடம் என்னென்ன சொல்லியிருக்கிறது என்று இப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. அதைவிடச் சுட்டது வேறொன்று. அவள் அதை நம்பியிருக்கிறாள். இது என் புருஷன் மாதிரி இல்லையே என்று அவளுக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? பல வருஷமாக எதிரே உட்கார்ந்து ம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தது யார்? புரோகிராம் அவரிடம்தானே கற்றுக்கொண்டது.

லைன் திரும்பியது. “அப்ப நீங்க என்னதான் சொன்னீங்க?” என்றாள்.

டெய்லர் பாராட்டிலிருந்து ஆரம்பித்தார். உன்னுடைய வேலை என்று தொடங்கினார். கேக்கல என்றாள். பாலங்கள் என்றார். எந்தப் பாலம் என்றாள். இரண்டு கரை என்றபோது கரை போய் இரண்டு மட்டும் போய்ச் சேர்ந்தது போலிருக்கிறது, என்ன ரெண்டு, ரெண்டு வருஷமா என்றாள். ஒத்திகை பார்த்த பேச்சு அந்த லைனில் ஒரு முழம் தாண்டாது என்று தெரிந்துபோயிற்று. நெரிசலான பஸ்ஸில் பெட்டி படுக்கையோடு ஏற முடியாது. டெய்லர் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். பாராட்டு போயிற்று, பாலம் போயிற்று, மெஷினும் உப்பும் போயின. கையில் மிஞ்சியது கொஞ்சம்தான்.

“நீ இல்லாம முடியல. வா” என்றார்.

சத்தம் இல்லை.

“வா. வந்துடு. வா” என்றார் மறுபடி. ஒன்று தொலைந்தாலும் ஒன்றாவது போய்ச் சேரட்டும் என்று.

அப்போதும் சத்தம் இல்லை. திரையில் அதே ஒரு கண் மூடிய முகம், அசைவே இல்லாமல். லைன் போய்விட்டதா? போகவில்லையா? கேட்டுவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாளா? ஒரு தலையாட்டல் இருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று அந்த நிலையிலும் ஒரு கணம் தோன்றியது அந்தப் படுபாவிக்கு. கண்ணாடிக்கு வெளியே ஆபீசே வேலையை விட்டுவிட்டு இவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு வேறு வழி இல்லை. இத்தனை வருஷம் உலகத்திலிருந்து ஒழித்துக்கட்டப் பாடுபட்ட அந்த வார்த்தையைத் தன் வாயாலேயே சொன்னார்.

“ஹலோ. ஹலோ. கேக்குதா?”

“கேக்குது” என்றாள் அவள், பக்கத்தில் இருப்பதுபோலத் தெளிவாக. “கத்தாதீங்க. யோசிக்கிறேன்.”

யோசிக்கட்டும் என்று டெய்லர் வாயை மூடிக்கொண்டார். யோசிக்கிற சத்தம் கேட்டது. தூரத்தில் ஏதோ இயந்திரம் மண்ணைக் குடைந்துகொண்டிருந்தது. யாரோ யாரையோ கயிற்றை இழுக்கச் சொன்னார்கள். படம் ஒரு தரம் குலுங்கி, உயிர் வந்து, அவள் முகம் முழுசாகத் தெரிந்தது. அழுதிருந்தாள். எப்போது அழுதாள் என்று தெரியவில்லை. அந்தப் பொட்டலங்கள் வந்து சேரவில்லை.

“ரெண்டு வருஷத்துக்குப் போட மாட்டேன்” என்றாள். “ஆனா இன்னிக்கே பெட்டியக் கட்டிக்கிட்டு ஓடி வருவேன்னு நினைக்காதீங்க. ஆத்து நடுவுல ஒரு தூண் பாதியில நிக்குது. அதோட மண்ணு எனக்குத்தான் தெரியும். அது மேல வந்ததும் வர்றேன். அதுவரைக்கும்தான் போடுவேன்.”

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்க டெய்லர் வாயெடுத்தார். உன் இஷ்டம் என்று சொல்லவும் நாக்கு தயாராகத்தான் இருந்தது, பழக்க தோஷம். இரண்டையும் விழுங்கிவிட்டு, “சீக்கிரம் கட்டச் சொல்லு” என்றார்.

அவள் சிரித்தாள். சிரிப்பு மூன்று துண்டாக வந்தது.

கண்ணாடிக் கதவை மேனேஜர் லேசாகத் தட்டினார். பின்னால் பெரிய திரையில் இந்தக் காலின் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஹலோ, கேக்கல, திரும்பச் சொல்லுங்க எல்லாம் ஏறிக்கொண்டே போனது. இவ்வளவு கேவலமான கணக்கும் கம்பெனி தொடங்கியதிலிருந்து வந்ததில்லை. நாளைக்கு வாடிக்கையாளர் வருகிறாரே என்று மேனேஜர் சைகையில் பரிதாபமாகக் கேட்டார். மறுபடி மேடம் வந்து அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி அழைத்துப் போனார். அவரிடம் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அன்று மாலைக்குள் படத்தின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி வந்துவிட்டது.

“நேத்து அவ்வளவு நேரம் லைன் போயிருந்துச்சே, நீங்க பேசினது முச்சூடும் இதுதானா?” என்றாள் மனைவி. “வேற ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னேன். அதெல்லாம் எதுக்கு, விடு.”

“எங்கம்மாவுக்குக் கேட்டிருக்கும்.”

“கேட்டுச்சு.”

“எங்கம்மா கேட்டத நான் கேக்க வேண்டாமா? சொல்லுங்க. மொதல்லேர்ந்து.”

டெய்லர் மீட்டிங் அறையின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடிக்கு வெளியே இருப்பவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், வந்த இடத்திலிருந்து ஆரம்பித்தார். “துவைக்கிற மெஷின் இருக்குல்ல…”

அந்தப் பக்கம் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பேப்பர் கொண்டுவந்தவர் ஏதோ கேட்டார்.

“கொஞ்சம் வெளிய உக்காருங்க சார்” என்றாள் அவள். “என் வீட்டுக்காரர் பேசிட்டிருக்கார்.”

ரொம்ப நேரம் ஆகுமா என்று அந்த மனிதர் கேட்டது காற்றில் மங்கலாக வந்தது.

“தெரியல சார். இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கார்.”